திரையில் வெடிக்கிறது, கையில் ஏன் அதிரவில்லை?

2025 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ‘எஃப்1’ படத்துக்கு வழக்கமான டிரெய்லர்களோடு புது மாதிரியான ஒன்றையும் வெளியிட்டது. ஐஃபோனில், ஆப்பிள் டிவி செயலியில் அதைப் பார்த்தால், காரின் உறுமலுக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஃபோன் கைக்குள் அதிரும். தொழில்நுட்பச் செய்திகளில் அது நன்றாகவே அடிபட்டது. ஆனால் அதிர்ந்தது சில நிமிட விளம்பரம். வீடியோ கேம் கன்ட்ரோலர்கள் 1997 முதல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. பையில் கிடக்கும் ஸ்மார்ட்ஃபோன் ஒவ்வொன்றிலும் அதிர்வு மோட்டார் இருக்கிறது. அப்படியிருந்தும் ஓடிடியில் பார்க்கும் படங்களிலும் தொடர்களிலும் இடி விழட்டும், கதவு அறைந்து சாத்தப்படட்டும், ஃபோன் அசையாமல் கிடக்கிறது.

மோட்டார் இல்லாத குறை இல்லை இது. எப்போது, எவ்வளவு, எந்த மாதிரி அதிர வேண்டும் என்று எழுதிவைத்த தடம் படத்தோடு சேர்ந்து வருவதில்லை. காட்சிக்கு வீடியோ தடம் உண்டு, ஒலிக்கு ஆடியோ தடம் உண்டு, வசனத்துக்கு சப்டைட்டில் தடம் உண்டு. தொடுவுணர்வுக்கு எதுவும் இல்லை. ஹாப்டிக்ஸ் எனப்படும் தொடுவுணர்வுத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு பெரும்பாலும் புதுப்புதுக் கருவிகளைச் சுற்றியே நடப்பதால் இந்த வெற்றிடம் கண்ணில் படாமல் போகிறது.

பார்வையாளரின் உடம்பை உலுக்கிப் பார்க்கும் ஆசை சினிமாவுக்குப் பழையது. 1959இல் ‘தி டிங்ளர்’ என்ற திகில் படத்துக்காக இயக்குநர் வில்லியம் காஸில் சில திரையரங்குகளில் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு அடியில் மோட்டார்களைப் பொருத்தி, அதற்கு ‘பெர்செப்டோ’ என்று பெயரும் வைத்தார். 1974இல் ‘எர்த்க்வேக்’ படத்துக்காக யூனிவர்சல் நிறுவனம் ‘சென்சரவுண்ட்’ முறையைக் கொண்டுவந்தது. ராட்சத ஒலிபெருக்கிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலியைப் பரப்பும். நிலநடுக்கக் காட்சி வந்தால் காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் தெரியும். 2009இல் கனடாவின் டி-பாக்ஸ் நிறுவனத்தின் அசையும் இருக்கைகள் வணிகத் திரையரங்குகளுக்குள் வந்தன. அதே ஆண்டில் தென் கொரியாவில் 4டிஎக்ஸ் என்ற, அசையும் இருக்கைகள் கொண்ட திரையரங்கு முறை தொடங்கியது. டி-பாக்ஸ் செய்த வேலையில் முக்கியமானது இருக்கை மட்டுமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அதன் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து அசைவுக் குறியீட்டை எழுதினார்கள். படத்தோடு அந்தக் குறியீடும் திரையரங்குக்குப் போனது.

திரையரங்குக்காரர் கையில் இருக்கை இருக்கிறது. கேம் நிறுவனத்தின் கையில் கன்ட்ரோலர் இருக்கிறது. ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்கு இரண்டுமே சொந்தமில்லை. பார்ப்பவர் ஃபோனில் பார்க்கிறாரா, டிவியில் பார்க்கிறாரா, லேப்டாப்பில் பார்க்கிறாரா என்பது அவர் விருப்பம்.

கேமுக்கும் படத்துக்கும் இன்னோர் அடிப்படை வித்தியாசம் உண்டு. கேமில் கார் சுவரில் மோதுகிறது என்றால், அது மோதியதை மென்பொருளே அறியும். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், சுவர் கல்லா மரமா என்பதெல்லாம் அந்த நொடியில் அதன் கணக்கில் இருக்கிறது. அதை வைத்தே மோட்டாருக்கு ஆணை போகிறது. படத்தில் அப்படி எதுவும் கிடையாது. பிளேயருக்கு வந்து சேர்வது நிறப்புள்ளிகளும் ஒலி மாதிரிகளும்தான். அங்கே ஒரு மோதல் நடந்தது என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

தோலும் மோட்டாரும்

ஃபோனில் வரும் எல்லா அதிர்வும் ஒரே தரம் இல்லை. பழைய வகை மோட்டாரில், சுழலும் தண்டின் நுனியில் ஒரு பக்கம் கனமான எடை இருக்கும். அது சுற்றும்போது ஃபோன் மொத்தமும் ஆடும். 1997இல் வந்த கேம் கருவிகளான நின்டெண்டோவின் ரம்பிள் பேக்கும் சோனியின் டூயல்ஷாக்கும் இப்படித்தான் அதிர்ந்தன. இந்த மோட்டாரில் வேகமும் வலுவும் பிணைந்தே இருக்கும். மெல்லிய, ஆனால் படபடவென்ற துடிப்பு வேண்டுமென்றால் அதால் தர முடியாது. எடை சுழன்று வேகம் பிடிக்கவும் திரும்ப நிற்கவும் பல பத்து மில்லிவினாடிகள் ஆகும். துப்பாக்கிச் சத்தம் அதற்குள் கேட்டு முடிந்துவிடும்.

அடுத்து வந்தது நேர்கோட்டில் ஆடும் வகை. ஸ்பிரிங்கில் தாங்கிய காந்த எடையைச் சுருள் கம்பி முன்னும் பின்னும் இழுக்கும். சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். 2015இல் ஐஃபோன் 6எஸ்ஸில் வந்த டாப்டிக் என்ஜின், 2017இல் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்த எச்டி ரம்பிள் எல்லாம் இந்தக் குடும்பம். இந்த வகையில் பலவும் தனக்கென்று ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண் வைத்திருக்கும். அதைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்யும். 2020இல் பிளேஸ்டேஷன் 5உடன் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் இருப்பது குரல்சுருள் வகை. ஒலிபெருக்கியின் அதே தத்துவம். அகன்ற அதிர்வெண் வீச்சில் இயங்கும். மணல், பனி, கண்ணாடி என்று தரையின் தன்மையைக் கைக்குக் காட்ட அதனால் முடிகிறது.

கருவி எவ்வளவு நுட்பமானாலும் தோலுக்கு ஒரு வரம்பு உண்டு. விரல் நுனியில், உள்ளங்கையில், தோலின் ஆழத்தில் பசினியன் என்ற உணரிகள் இருக்கின்றன. வினாடிக்கு 200 முதல் 300 முறை வரையான அதிர்வுக்கு இவை மிகக் கூர்மை. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அசைவைக்கூட உணர்ந்துவிடும். தோலின் மேல்பகுதியில் இருக்கும் மெய்ஸ்னர் உணரிகள் 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையான மெதுவான படபடப்பைப் பிடிக்கும். ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் தோலுக்கு ஒன்றுமே தெரியாது. காதுக்கோ 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். ஆகவே வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் உள்ள ஒலித்தன்மை வேறுபாட்டை விரலிடம் எதிர்பார்க்க முடியாது. தாளத்தையும், விழும் அடியின் நேரத்தையும், வலுவின் ஏற்ற இறக்கத்தையும் விரல் நன்றாகவே சொல்லும்.

இன்னொன்று, என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: தோல் மிக விரைவில் பழகிவிடுகிறது. தொடர்ந்து அதிர்ந்துகொண்டிருக்கும் பொருளைப் பிடித்திருந்தால், சற்று நேரத்தில் அந்த அதிர்வு மங்கும். அதன் பிறகு வரும் மெல்லிய அதிர்வு உணரப்படாமலே போகும். சண்டைக் காட்சி முழுக்க ஃபோன் நடுங்கிக்கொண்டே இருந்தால், கடைசியில் விழும் தீர்மானமான அடி கைக்குத் தெரியாது. ஹாப்டிக்ஸில் நிறுத்தம்தான் கஷ்டமான வேலை. இரண்டு மணி நேரப் படத்தில் கை சும்மா இருக்கும் நேரமே அதிகமாக இருக்க வேண்டும்.

ஒலியிலிருந்து பிழிந்தெடுத்தால் என்ன?

தடம் எழுத ஆள் இல்லையா, ஒலியை வைத்தே அதிர்வை உண்டாக்கிவிடலாம் என்பது சுலபமாகத் தோன்றும் வழி. 2018இல் சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட்2 ஃபோனில் வந்த டைனமிக் வைப்ரேஷன் சிஸ்டம் இதைத்தான் செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை அலசி, அந்தக் கணமே அதிர்வாக மாற்றியது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, ஒலியிலிருந்து அதிர்வை உருவாக்கும் வசதியை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தது. அடிப்படைச் சூத்திரம் எளிது: தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் வடிகட்டு, அவற்றின் ஏற்ற இறக்கத்தை அளவெடு, அதை மோட்டாருக்கு அனுப்பு.

பாட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். படத்துக்கு வந்தால் தடுமாறும். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இருட்டு வீடு. நாயகி மாடிப்படியில் மெதுவாக இறங்குகிறாள். பின்னணி இசையில் ஆழமான டிரம் ஒன்று சீராக விழுகிறது. கீழே ஒருவன் அடிக்குரலில் பேசுகிறான். அவள் கை இருட்டில் ஒரு பூட்டைத் தடவுகிறது. சாவி திரும்பி ‘கிளிக்’ என்கிறது. ஒலியிலிருந்து உருவாக்கினால் டிரம்முக்கெல்லாம் ஃபோன் அதிரும், கீழே பேசுபவனின் குரலுக்கும் சிணுங்கும். சாவியின் ‘கிளிக்’ உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் வடிகட்டியில் கழிந்துபோகும். அந்தக் காட்சியில் கைக்குச் சேர வேண்டியதே அந்த ஒன்றுதான். ஓசையே எழாத தொடுகைகளும் உண்டு. இருட்டில் தோளில் விழும் கை ஒலித்தடத்தில் எந்தத் தடயமும் வைக்காது.

இதையே ஒரு மனிதர் எழுதினால் எப்படி இருக்கும்? 2019இல் ஐஓஎஸ் 13உடன் ஆப்பிள் கோர் ஹாப்டிக்ஸ் என்ற கருவித்தொகுப்பைத் தந்தது. அதன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, திறந்து படிக்கலாம். இரண்டு வகை நிகழ்வுகள்: சுருக்கென்று முடியும் தட்டல், நீடித்து ஓடும் அதிர்வு. நீடிப்பது 30 வினாடிக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை இரண்டு அளவுகள்: வலு, கூர்மை. சாவி திரும்புவதற்கு ஒரே ஒரு தட்டல், வலு 0.4, கூர்மை 0.9 என்று கொடுத்தால் மெல்லிய உலோகச் சொடுக்காக விரலில் விழும். பிறகு கனமான மரக்கதவு சாத்தப்படுகிறது என்றால், வலு 1, கூர்மை 0.2 என்று ஒரு தட்டல்; அதை ஒட்டி, கால் வினாடி நீடித்து வலு 0.4இலிருந்து சுழியத்துக்கு இறங்கும் அதிர்வு. மரச்சட்டம் அடங்குவது அதுதான். இந்த மூன்று வரிகளை எழுதியவர் டிரம்மைத் தொடவில்லை, அடிக்குரலைத் தொடவில்லை. விட்டதெல்லாம் அவர் எடுத்த முடிவு.

அவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் ஆகக் கடினமானது, யாருடைய உடம்பு என்பது. ஒருவன் இன்னொருவனைக் குத்துகிறான். பார்ப்பவரின் கையில் விழ வேண்டியது குத்தியவனின் முஷ்டியா, குத்து வாங்கியவனின் தாடையா? கேமில் இந்தக் கேள்வி எழாது; கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவர்தான் அந்தப் பாத்திரம். படத்தில் கேமரா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவுகிறது, தூரப்போகிறது, மேலிருந்து பார்க்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் உடம்பு மாறினால் கை குழம்பிவிடும். காட்சி யாரோடு நிற்கிறதோ அவருடைய உடம்போடு அதிர்வும் நிற்க வேண்டும், தொலைவில் வெடிப்பதை ஒலிக்கே விட்டுவிட வேண்டும் என்பது என் துணிபு. மலைக்கு அப்பால் வெடிக்கும் குண்டுக்கு ஃபோன் குதித்தால், பார்ப்பவருக்கு ஞாபகம் வருவது குண்டு இல்லை, ஃபோன்.

தடம் எப்படிப் பயணிக்கும்?

தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால், அதிர்வை அனுப்புவது ஸ்ட்ரீமிங்குக்குப் பெரிய பாரமே இல்லை. ஒரு படம் நம் ஃபோனுக்குச் சில வினாடி நீளத் துண்டுகளாக வருகிறது. வீடியோ தனி, ஆடியோ மொழிவாரியாகத் தனி, சப்டைட்டில் தனி. எது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் கோப்பு சொல்லும்; பிளேயர் வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்ளும். நல்ல தரமான வீடியோவுக்கு வினாடிக்குப் பல மெகாபிட்டுகள் வேண்டும். தட்டல்களும் வளைவுகளுமாக எழுதிய அதிர்வுத் தடத்துக்குச் சில கிலோபிட்டுகளே போதும்.

இடித்தது கோப்பின் வடிவம். ஆப்பிளுக்கு ஒரு கோப்பு, ஆண்ட்ராய்டுக்கு வேறொரு முறை, அதிரும் மேல்சட்டை விற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொழி. ஒரே காட்சியை நான்கு முறை எழுத எந்தத் தயாரிப்பாளரும் காசு கொடுக்க மாட்டார். இணைய உலாவியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அதிர்வுக்கென இருக்கும் வைப்ரேஷன் ஏபிஐ என்ற ஆணைத்தொகுப்பு எத்தனை மில்லிவினாடி அதிர வேண்டும், எத்தனை மில்லிவினாடி நிற்க வேண்டும் என்பதை மட்டுமே கேட்டுக்கொள்ளும். வலுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. ஐஃபோனின் சஃபாரி அதையும் ஏற்பதில்லை.

இந்த நிலை இப்போது மாறத் தொடங்கியிருப்பது, அதிகம் பேசப்படாத ஆவணங்களில்தான். வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் தரநிலை வகுத்த எம்பெக் குழு, அதிர்வுக்கென்று ஐஎஸ்ஓ/ஐஇசி 23090-31 என்ற தரநிலையை உருவாக்கியது. எம்பி4 கோப்புகளுக்கு அடித்தளமான கோப்பு வடிவத்திலும் அதிர்வுக்குத் தனித்தடம் என்ற இடம் கிடைத்தது. 2025இல் இணையப் பொறியாளர் குழுவான ஐஇடிஎஃப், ஆர்எஃப்சி 9695 என்ற தன் ஆவணத்தின் மூலம் ‘ஹாப்டிக்ஸ்’ என்பதை உயர்மட்ட ஊடக வகையாகப் பதிந்தது. டெக்ஸ்ட், இமேஜ், ஆடியோ, வீடியோ என்று இணையம் தன் சரக்கைப் பிரிக்கும் அந்தச் சின்னப் பட்டியலில் புதுப்பெயர் சேர்வது அபூர்வம். அதற்கு முன் சேர்ந்தது 2017இல் எழுத்துரு. எம்பெக் வடிவத்தின் போக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மோட்டாரை இப்படி ஓட்டு என்று அது கட்டளையிடுவதில்லை. உடம்பின் எந்தப் பகுதியில், எத்தகைய உணர்வு வேண்டும் என்று விவரிக்கிறது. அதைத் தன்னால் முடிந்த அளவு நிறைவேற்றுவது கருவியின் பொறுப்பு.

ஒத்திசைவுதான் அடுத்த தலைவலி. ஒலியும் படமும் பிசகினால் எப்போது கண்டுபிடிப்போம் என்பதற்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் அளவு ஒன்று இருக்கிறது: ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலோ, 125 மில்லிவினாடி பிந்தினாலோ தெரிந்துவிடும். ஒலியும் தொடுகையும் பிசகுவதை நாம் அதைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவோம். சில பத்து மில்லிவினாடிகளே தாங்கும். புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி தாமதமாக வரும் என்று தெரிந்து பிளேயர் படத்தையும் தாமதப்படுத்துகிறது. அதிர்வையும் அதே அளவு தாமதப்படுத்த வேண்டும், மோட்டார் வேகம் பிடிக்கும் நேரத்தையும் கழிக்க வேண்டும். ஃபோனில் இது சாத்தியம். திரை, ஒலி, மோட்டார் மூன்றும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன.

டிவியில் பார்த்தால் சிக்கல். எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் படமும் ஒலியும் போகும்; அதிர்வுக்கு அதில் பாதை கிடையாது. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டே யாரும் படம் பார்ப்பதில்லை. மடியில் கிடக்கும் ஃபோனை அதிரவைக்கலாம் என்றால், டிவியின் நொடியும் ஃபோனின் நொடியும் வைஃபை வழியாக ஒத்துப்போக வேண்டும். 2024இல் ரேசர் நிறுவனம் அறிமுகம் செய்த ஃப்ரேயா என்ற அதிரும் இருக்கை மெத்தை, வூஜர், பிஹாப்டிக்ஸ் நிறுவனங்களின் மேல்சட்டைகள் எல்லாம் இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. கேம் ஆடுபவர் மாட்டிக்கொள்வார். வேலை முடிந்து சோபாவில் சாய்ந்து தொடர் பார்ப்பவர் அதற்காகச் சட்டை மாட்டுவார் என்று நான் நம்பவில்லை.

முயற்சிகள் நடக்காமலில்லை. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் தங்கள் உள் நிகழ்வான ஹேக் டேயில் இம்மர்ஷன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு, காட்சிக்கேற்ப ஃபோன் அதிரும் சோதனை வடிவத்தைச் செய்து காட்டினார்கள். 1993இல் தொடங்கிய இம்மர்ஷன் இந்தத் துறையின் முக்கியக் காப்புரிமைகள் பலவற்றைக் கையில் வைத்திருந்தது. 2002இல் சோனி மீது அது தொடுத்த வழக்கு 2007இல்தான் சமரசத்தில் முடிந்தது.

யாருக்கு இது உண்மையில் தேவை?

கேட்கும் திறனும் பார்வையும் உள்ளவருக்கு அதிர்வு ஒரு கூடுதல் சுவை. இல்லாவிட்டாலும் கதை புரியும். காது கேளாதவருக்கு அப்படி இல்லை. சப்டைட்டிலில் ‘இடி முழங்குகிறது’ என்று வருகிறது. எந்தக் கணத்தில், எத்தனை முறை, எவ்வளவு பலமாக என்பது அந்த இரண்டு சொற்களில் கிடையாது. அதிர்வு அதைச் சொல்லும். 2024இல் ஐஓஎஸ் 18இல் ஆப்பிள் கொண்டுவந்த மியூசிக் ஹாப்டிக்ஸ், காது கேளாதோரையும் குறைவாகக் கேட்போரையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. பாட்டோடு சேர்ந்து ஃபோன் தட்டும், சிலிர்க்கும். பார்வையற்றோருக்கு அமெரிக்காவின் ஒன்கோர்ட் நிறுவனம் செய்த கருவி இன்னும் ஒரு படி மேல். கையகலப் பலகையில் கூடைப்பந்து மைதானத்தின் கோடுகள் புடைத்திருக்கும். ஆட்டத்தின் நேரடித் தரவை வாங்கி, பந்து போகுமிடமெல்லாம் விரலுக்குக் கீழே அதிர்வு நகரும். என்பிஏ அணியான போர்ட்லேண்ட் டிரெயில் பிளேசர்ஸ் 2025இல் தன் ரசிகர்களுக்கு அதை வழங்கத் தொடங்கியது. அங்கே அதிர்வு அலங்காரமில்லை, தகவல்.

இவர்களுக்கு எழுதும் தடமும் மற்றவர்களுக்கு எழுதும் தடமும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே படத்துக்கு இரண்டு சப்டைட்டில் வைக்கிறோம்: ஒன்று வசனம் மட்டும், இன்னொன்று ஓசைகளையும் சொல்வது. அதிர்வுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். அணைத்துவைக்கும் வசதியும், வலுவைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அதிர்வையே தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

எழுதும் வேலையை எங்கே வைப்பது என்பதற்கும் விடை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. டப்பிங்குக்கு வசதியாக, படத்தின் வசனம், இசை, விளைவொலி மூன்றையும் தயாரிப்பாளர்கள் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். ஃபோனுக்கு வந்து சேரும்போதுதான் எல்லாம் கலந்துபோகிறது. கலந்ததிலிருந்து ஃபோன் ஊகிப்பதற்குப் பதிலாக, ஒலிக்கலவைக் கூடத்திலேயே விளைவொலித் தடத்திலிருந்து முதல் வரைவை மென்பொருள் எடுக்கலாம். டிரம்மும் அடிக்குரலும் அதில் இல்லவே இல்லை. சாவியின் ‘கிளிக்’ தெளிவாக இருக்கிறது. மீதி வேலை, காலடியையும் கதவையும் காட்சிக்குக் காட்சி கையால் நடித்து ஒலிப்பதிவு செய்யும் ஃபோலி கலைஞர்களோடு உட்கார்ந்து, வேண்டாததை வெட்டுவது. எந்த அடி யாருடைய உடம்பில் விழுகிறது என்று படக்குழுவில் நுட்பமாக யோசித்திருப்பவர்கள் அவர்கள். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் தயாரிப்பாளர்களிடம் கேட்டு வாங்கும் கோப்புகளின் பட்டியலில் 5.1 சரவுண்ட் ஒலிக்கும் சப்டைட்டிலுக்கும் அடுத்து இந்தத் தடத்துக்கும் ஒரு வரி சேர்ந்தால், அதற்கு நேரமும் சம்பளமும் ஒதுக்கப்படும்.